தண்ணீருக்குத்தான் பஞ்சம், மரியாதைக்கு இல்லை

பூங்கா வேலை என்றால் செடிக்குத் தண்ணீர் விடுவது என்று நினைத்துதான் நானும் சேர்ந்தேன். செடிக்கு ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அந்த வேலை என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

அரசாங்கத்துப் பூட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. படிப்பகத்தில் மின்விசிறி சுற்றாததற்கும், பேருந்து நிலையக் கழிப்பறையில் குழாய் வராததற்கும் நீங்கள் வாங்கும் அதே பேச்சைத்தான் நானும் வாங்குகிறேன். இருபது வருஷம் நூல் மில்லில் நூல் சுற்றும் கோன் மெஷின் ஓட்டியவள் நான். மில்லை மூடியதும் கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கூட்டுவது, தண்ணீர் விடுவது, காலையும் மாலையும் திறந்து மூடுவது.

பூங்கா ஒன்றும் பெரிதில்லை. சுற்றிவர நடைபாதை, ஆறு சிமெண்ட் பெஞ்சு, ஒரு சறுக்குமரம், நாற்பது ஐம்பது மரம். காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பம்ப்செட் தொழில்காரர்கள். ஒருவர் மோட்டார் செய்வார், ஒருவர் அதற்குச் செம்புக் கம்பி சுற்றுவார், இன்னொருவர் ஸ்டார்ட்டர் பெட்டி செய்வார். அப்பேர்ப்பட்டவர்கள் தினமும் நடக்கிற பூங்காவில் மோட்டார் எரிந்து இரண்டு மாதம் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. இதை வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

புதுசு வேணும்னா இருக்கு

மாசிக் கடைசியில் ஒரு காலை. மோட்டார் அறைக்குள் போய் சுவிட்சைப் போட்டேன். ஆம்பியர் மீட்டரில் முள் ஒரு குதி குதித்தது, ஸ்டார்ட்டர் சுவிட்ச் டப்பென்று தானே அணைந்து விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி டப். மூன்றாம் தடவை போட எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துச் சொன்னேன். பூங்காக்களைப் பார்க்கும் என்ஜினியர் நல்ல பையன், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தாலே காரியம் ஆகாது என்பது எனக்கு மில்லிலேயே பழக்கம். பூங்கா கட்டுவதற்கு ஒரு நிதியாம், கட்டியதைப் பார்த்துக்கொள்வதற்கு வேறொரு நிதியாம். முதலாவது நிறைய இருக்கிறது, இரண்டாவது பேருக்குத்தான் இருக்கிறது. இன்னொன்றையும் மெதுவாகச் சொன்னார். சித்திரைக் கடைசியில் எல்லாப் பூங்காவையும் பார்வையிடப் போகிறார்கள். காய்ந்துபோய் ஆள் நடமாட்டமில்லாமல் கிடப்பதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குப்பை வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கிவிடுவார்கள்.

என் வேலை போவது ஒருபக்கம். எங்கள் பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலுமாக இருந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் காற்று வாங்க வருவது இந்த ஒரு இடத்துக்குத்தான். அவர்களை எங்கே போகச் சொல்வது? இதையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பழைய பூங்காவுக்கு மோட்டார் வாங்க நிதி இல்லீங்கம்மா. புதுப் பூங்கா ஒண்ணு வேணும்னா சொல்லுங்க, அதுக்கு இருக்குது."

நோயைத் தவிர எல்லாம் கண்டுபிடித்த வைத்தியர்கள்

ஆபீஸ் கைவிட்டால் என்ன, ஊர் இருக்கிறதே என்று மறுநாள் காலை நடக்க வந்தவர்களிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மோட்டார் அறை வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம்.

ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் பாலு அண்ணன் ஸ்டார்ட்டரில் கோளாறு என்றார். தன் தொழிலையே குறை சொல்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை சென்னியப்பன் அண்ணன், பூமிக்குள் போகும் கேபிளில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார். இன்னொருவர் வோல்டேஜ் சரியில்லை என்றார். மற்றொருவர் போர்வெல்லிலேயே தண்ணீர் கீழே போயிருக்கும் என்றார். காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒருவர், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் நடக்க வந்தவர், அறை கட்டிய மூலையே சரியில்லை என்றார். ஒருவர் வாயிலும் மோட்டார் என்ற சொல் வரவில்லை.

எனக்குப் புரியவில்லை. கோன் ஓட்டியவளுக்கே தெரிகிறது, இவர்களுக்குத் தெரியாதா? கூட்டம் கலைந்ததும் சென்னியப்பன் அண்ணனை ஓரமாக நிறுத்திக் கேட்டேன். அவர் மோட்டார் அறைச் சுவரைக் கண்ணால் காட்டினார். அங்கே பச்சைப் பெயிண்டில் கொட்டை எழுத்து: மோட்டார் உபயம், துரைசாமி. அதற்குக் கீழே பெஞ்சில் துரைசாமி அண்ணனே உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பம்ப்செட் பட்டறைக்காரர். எழுபது வயது. இந்தக் கூட்டத்துக்கே மூத்தவர். அவர் பட்டறையில் செய்து, அவர் கையால் இனாமாகக் கொடுத்த மோட்டார் அது. சென்னியப்பன் அண்ணன் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "மோட்டார்தான் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா அம்மணி? நாளைக்கு ஒரு கல்யாணங்காச்சியில அவிய மூஞ்சில முழிக்கோணுமுங்களே, அதை எந்த வாயில சொல்றதுங்க?"

எல்லாம் புதுசு

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மூன்றாம் நாளே பாலு அண்ணன் தன் கம்பெனியில் செய்த புது ஸ்டார்ட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்து மாட்டினார். அரை நாள் வேலை. சுவிட்சைப் போட்டார். டப். அடுத்த வாரம் சென்னியப்பன் அண்ணன் போர்வெல் வாய்வரை வரும் கேபிளைப் புதிதாக மாற்றினார். டப். வோல்டேஜ் சொன்னவர் மின்வாரியத்துக்கு அலைந்து கம்பத்தில் இணைப்பைச் சரிபார்க்க வைத்தார். டப். காங்கேயத்து எண்ணெய்ச் செக்குக்காரர் ஊருக்குப் போகும் முன் வாசலில் ஒரு எலுமிச்சம்பழமும் படிகாரமும் கட்டிவிட்டுப் போனார். அதற்கும் டப்தான்.

ஒவ்வொரு டப்புக்கும் துரைசாமி அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்துவந்து எட்டிப் பார்ப்பார். எல்லோரும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். உடனே யாராவது ஒருவர், கரண்டே சரியில்லைங்கண்ணா என்று ஆரம்பித்துவிடுவார். அவரும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். பங்குனி பாதி இப்படியே போயிற்று. புல் மஞ்சளாகி, பிறகு மண் நிறமாகிவிட்டது. கடைசியாகக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, பாலு அண்ணன் கையைத் துடைத்தபடி முழு நம்பிக்கையோடு என்னிடம் சொன்னார்: "மோட்டாரைத் தவிர எல்லாமே புதுசு பண்ணிப்போட்டோமுங்க அம்மணி. இனி அது ஓடித்தானுங்களே ஆகோணும்."

ஆளுக்கொரு மரம்

ஓடவில்லை. அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். நடக்க வருகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவர வேண்டும், குடிக்கிற தண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவியது கூடப் போதும். யாரும் மறுக்கவில்லை; மறுப்பது எங்கள் ஊர்ப் பழக்கமில்லை. கொண்டும் வந்தார்கள். ஆனால் அவரவர் ஸ்கூட்டர் நிறுத்தும் நிழலுக்கு மட்டும் ஊற்றினார்கள். வாசலோரத்து வேம்புக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கேன். பின்பக்கத்து மதிலோரம் நின்ற மகிழ மரத்துக்குச் சொட்டில்லை, அங்கே ஸ்கூட்டர் போகாது. அதற்கு மட்டும் நானே எங்கள் வீட்டிலிருந்து தினம் ஒரு குடம் தூக்கி வந்தேன். இடுப்பு விட்டுப்போனது.

நடக்க வருகிறவர்களில் ஒருவரான ரங்கநாயகி அக்கா தினமும் தூக்குவாளியில் அரிசி கழுவிய தண்ணீர் கொண்டுவந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு போகாமல் நாலு கொத்து ஒடித்துப் போட்டுக்கொண்டு போவார். மகிழத்துக்கும் அரை வாளி ஊற்றலாமே அக்கா என்று கேட்டேன். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார், கோபமில்லை, நியாயமாகத்தான் யோசித்தார். "கறிவேப்பிலைன்னா நான் ஊத்துற தண்ணிக்கு அன்னைக்கே குழம்புல பதில் சொல்லிப்போடுது. மகிழம்பூவை வெச்சு நான் என்ன தாளிக்கிறதுங்க அம்மணி?"

ஆபீஸ் நம்மை மறக்கவில்லை

சித்திரை பிறந்த வாரத்தில் வாசலில் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. நான் கொடுத்த மனுவுக்குப் பதிலாகத்தான் சாமான் வந்திருக்கிறது என்று டிரைவர் சொன்னதும், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நடந்துகொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே நாலு இரும்புப் பலகை. இரண்டில் "புல்லை மிதிக்காதீர்". இரண்டில் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்".

மிதிக்கப் புல்லும் இல்லை, சிக்கனம் பிடிக்கத் தண்ணீரும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பலகையாலேயே யார் தலையிலாவது போட்டிருப்பேன், ஆனால் டிரைவர் பாவம், கூலிக்கு வந்தவர். இதை எங்கே ஐயா நடுவது என்று கேட்டேன். அவர் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். "இப்பவே நட்டுப்போடுங்கக்கா, மண்ணு நல்லாக் கெட்டியா இருக்குது. தண்ணி வந்துட்டா அப்பறம் பலகை நிக்காதுங்க."

வாயைத் திறந்தேன்

பார்வையிட வருவது புதன்கிழமை என்று தகவல் வந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. மாலையில் லைன் வீட்டுப் பெண்கள் மூன்று பேர்தான் வந்தார்கள், அவர்களும் புழுதி பறக்கிறது என்று கால் மணியில் எழுந்துவிட்டார்கள். பூட்டைப் போடும்போது எனக்கு அழுகை வந்தது. மில் கதவை மூடிய நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் முதலில் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகத் துரைசாமி அண்ணன் பட்டறைக்குப் போனேன். வரிசையாக மோட்டார்கள் பெயிண்ட் காயக் காத்திருந்தன. அவர் ஸ்டூல் போட்டு, காபி சொன்னார். காபி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், குடித்துவிட்டால் எனக்கும் மரியாதை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. "அண்ணா, நீங்க குடுத்த மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க" என்றேன். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டார், சுமை இறக்கியவர் போல. முதல் நாள் காலையில் ஸ்டார்ட்டர் டப்பென்று விழுந்த சத்தம் பெஞ்சுக்குக் கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். புது மோட்டார் இறக்கிவிடலாம் என்று சொல்ல மூன்றாம் நாள் வந்திருக்கிறார்; வந்து பார்த்தால் பாலு அண்ணன் வேர்த்து வழிந்துகொண்டு புது ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் கேபிள், அதற்கப்புறம் கம்பம், அதற்கப்புறம் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டதாம். அப்போதே சொல்லியிருக்கலாமே அண்ணா என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அத்தனை பேரும் சொந்தக் காசு போட்டு மாட்டுறாங்க, அதெல்லாம் தண்டமுங்க, மோட்டார்தான் போச்சுன்னு சொன்னா அவிய மனசு சங்கடப்படாதுங்களா அம்மணி?"

இருபத்தெட்டு பைப்

இரவோடு இரவாகத் துரைசாமி அண்ணன் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்; ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மோட்டார் தூக்கும் வண்டி வந்துவிட்டது. வாயைக் கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்தபிறகு அவர்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். பாலு அண்ணன் வெள்ளை நடை ஷூவோடு பைப்பிலிருந்து வழிந்த சேற்றில் நின்று கிளாம்ப் போட்டார். ரங்கநாயகி அக்கா அண்டா நிறைய மோர் கரைத்து வந்தார், மேலே கறிவேப்பிலை மிதந்தது, எங்கே ஒடித்தது என்று நான் கேட்கவில்லை. போர்வெல்லுக்குள் இறக்கியிருந்த இருபத்தெட்டு பைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பத்து மணிக்கெல்லாம் அடியில் தொங்கிய மோட்டார் வெளியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் மறுபடி ஆரம்பித்தார்கள். துரைசாமி அண்ணன் புது மோட்டார் தருகிறேன் என்றார். சென்னியப்பன் அண்ணன், வேண்டாம், இதற்கே நான் கம்பி சுற்றித் தருகிறேன் என்றார். நீங்கள் செய்யுங்கள், இல்லை நீங்கள் செய்யுங்கள் என்று இருவரும் ஒருவருக்கொருவர் கும்பிடாத குறை. நான் துடைப்பத்தோடு நடுவில் போய் நின்று, யார் செய்தாலும் சரி, செவ்வாய்க்கிழமை தண்ணீர் வர வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துரைசாமி அண்ணன் பட்டறையில் வைத்து சென்னியப்பன் அண்ணன் கம்பி சுற்றுவது என்று முடிவாயிற்று.

செவ்வாய் மதியம் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு செம்மண் குழம்பு, பிறகு வெள்ளையாக. எல்லோரும் கை தட்டினார்கள். நான் குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மகிழ மரத்தில் கிளையை வளைத்தேன், வளையவில்லை, ஒடிந்தது. நகத்தால் பட்டையைக் கீறினேன், உள்ளே பச்சை இல்லை. என் ஒரு குடம் அதற்குப் போதவில்லை. இத்தனை நல்ல மனிதர்கள் மேல் அந்த நிமிடம் எனக்கு ஆத்திரமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். துரைசாமி அண்ணன் பின்னாலேயே வந்து மரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. "ஒருத்தர் மனசும் நோகக்கூடாதுன்னு பாத்தோமுங்க அம்மணி. இதோட மனசை மட்டும் பாக்காம உட்டுப்போட்டோம்."

பார்வையிட்டார்கள்

ஒரே நாளில் புல் முளைக்காது. அதனால் செவ்வாய் மாலை லைன் வீடு வீடாகப் போய், நாளைக் காலை தண்ணீர் வந்த பூங்காவைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு வந்தேன். புதன்கிழமை என்ஜினியரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் வந்தபோது நடைபாதையில் திருவிழாக் கூட்டம். வேலைக்கு நேரமாகிற பெண்கள் கூட வந்து நின்றார்கள். பாலு அண்ணன் ஒரு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மரமெல்லாம் நனைந்து, மண் வாசம் வந்தது.

அதிகாரிகள் ஸ்டார்ட்டரைப் பார்த்தார்கள், கேபிளைப் பார்த்தார்கள், புதுப் பெயிண்ட் கதவைப் பார்த்தார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். பூங்காவைப் பூட்ட வேண்டியதில்லை என்று அங்கேயே எழுதினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லைன் வீட்டுப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில், இனியாவது மோட்டார் ரிப்பேருக்கு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி, செத்த மகிழத்துக்குப் பதிலாக ஒரு கன்றும் கேட்டு, நான் எழுதி வைத்திருந்த மனுவை என்ஜினியரிடம் நீட்டினேன். அவர் அதை அன்போடு என் கையிலேயே திருப்பி வைத்தார். "பொதுமக்களே இத்தனை அருமையாப் பாத்துக்கறீங்கம்மா. அதனால இந்தப் பூங்காவுக்கு இனிமே பராமரிப்பு நிதியே தேவையில்லைன்னு ரிப்போர்ட்ல எழுதிப்போட்டனுங்க."

ஆகவே சக ஜீவன்களே, காய்ந்தால் இதற்கு எதற்குப் பணம் என்றும் தழைத்தால் இதற்கும் எதற்குப் பணம் என்றும் கேட்கிற இந்தத் தொழிலில், பூங்காவை எப்போதும் பாதி வாட்டத்திலேயே வைத்திருக்கத் தெரிந்தவர்தான் பிழைப்பார், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை.